ஒன்றரை நிமிடம் குறைந்த கல்யாணம்

அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவளுக்கு முப்பத்தைந்து வயது, எனக்குப் பன்னிரண்டு. வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள், என்னைத் தவிர. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. நான் பிறந்ததிலிருந்து மயிலாப்பூர் வீட்டில் எங்களோடுதான் இருந்தாள். அம்மாவுக்கு டெலிபோன் ஆபீஸில் வேலை. அதனால் எனக்குத் தலை பின்னியது, கணக்கு சொல்லிக்கொடுத்தது, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுத்துக்கொண்டது எல்லாம் அத்தைதான். அவளை நாக்பூரிலிருந்து ஒருவர் வந்து கூட்டிக்கொண்டு போகப் போகிறார் என்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. மாப்பிள்ளை மனைவியை இழந்தவர், ரயில்வேயில் நல்ல உத்தியோகம், தலையில் முடி குறைவு. பெண் பார்க்க வந்த அன்று எனக்கு ஒரு பெரிய சாக்லேட் கொடுத்தார். தின்றுவிட்டேன், ஆனால் மன்னிக்கவில்லை.

அத்தை எதையும் கேட்டு வாங்குகிறவள் இல்லை. கல்லில் ஒட்டிக்கொண்டு பிய்ந்துபோன தோசையைத் தன் தட்டில் போட்டுக்கொள்வாள். மழையில் ஒரே குடை என்றால் அது எனக்கு. கல்யாணப் புடவை எடுக்கத் தி.நகர் போனபோதுகூட, அம்மா முதலில் பிரித்துக் காட்டியதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுவே போதும் அண்ணி" என்று எழுந்துவிட்டாள். கடைக்காரருக்கே ஏமாற்றமாகப் போய்விட்டது. அப்படிப்பட்டவள் ஒரே ஒரு பொருளை வாய்விட்டுக் கேட்டாள்.

"அண்ணி, உங்க கல்யாணக் கேசட்ட சிடியில போட்டுத் தர முடியுமா? அவர் வீட்ல விசிஆர் இல்லையாம். சிடி போடுற மிஷின்தான் இருக்காம்."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் கல்யாணத்தை அல்லவா அவள் கேட்கிறாள். "நம்ம மேல எவ்ளோ பாசம் பாருங்க" என்று அப்பாவிடம் இரண்டு நாள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அது தொண்ணூறுகளின் கடைசி. சிடியில் எழுதும் கருவி வைத்திருந்தவர்கள் தெருவுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் எங்களுக்கு மாமா இருந்தார். அம்மாவின் தம்பி. மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடி அறையில் குடியிருந்துகொண்டு, ரிச்சி ஸ்ட்ரீட்டில் உதிரிகளைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்கிற வேலை செய்தார். அவருடைய கம்ப்யூட்டருக்கு மேல்மூடியே கிடையாது. உள்ளே மின்விசிறி சுற்றுவது தெரியும். விஷயத்தைக் கேட்டதும், "இது ஒரு ஜுஜுபி வேலை அக்கா. ஒரே ஞாயித்துக்கிழமை, முடிச்சுத் தந்துடறேன்" என்றார். மாமா ஜுஜுபி என்று சொன்ன எந்த வேலையும் ஒரு மாதத்துக்குள் முடிந்ததில்லை என்பது அம்மாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தாலும் நம்பினோம்.

மாமாவிடம் விசிஆர் இல்லை. எங்கள் விசிஆரைப் போர்வையில் சுற்றி, நானும் அப்பாவும் பஸ்ஸில் தி.நகர் போய், அங்கிருந்து மாம்பலம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறி இறங்கினோம். கூட்டத்தில் ஒரு அம்மாள் போர்வையை எட்டிப் பார்த்து, "கொழந்தையா?" என்று கேட்டாள். அப்பா ஆமாம் என்று தலையாட்டிவிட்டார்.

முதல் சிடி வந்தது. மாமா டிவியைப் போட்டார். தாலி கட்டுகிற அப்பாவின் முகம் பத்துப் பன்னிரண்டு சதுரங்களாக உட்கார்ந்திருந்தது. மூக்கு இருக்க வேண்டிய சதுரத்தில் மாலையின் ஒரு துண்டு இருந்தது. அம்மா யார், அம்மாவுக்குப் பின்னால் இருக்கும் வாழைமரம் எது என்று கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. பார்க்க வந்திருந்த அம்மா, "உங்கப்பா நேர்லயே தேவலாம் போல" என்றாள். மாமா, "இரு, இரு" என்றார்.

அதற்குப் பிறகு ஐந்து சனி ஞாயிறுகள் அந்த அறையில்தான் என் வாழ்க்கை. முதலில் சிடியின் மேல் பழி விழுந்தது. அடிப்பக்கம் பச்சையாக இருக்கிற சிடி மட்டம், நீலமாக இருக்கிறதுதான் உசத்தி என்று மாமா வேறு வாங்கிவந்தார். நீலத்திலும் அதே சதுரங்கள். பிறகு வேகத்தின் மேல் பழி. நாலு மடங்கு வேகத்தில் எழுதுவதை இரண்டாகக் குறைத்தார். சிடி எழுதும்போது மவுஸைத் தொட்டால் பாதியில் நின்றுவிடும், சிடி குப்பைக்குப் போக வேண்டியதுதான். அதனால் அந்த முக்கால் மணி நேரமும் நாங்கள் இருவரும் கட்டில்மேல் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு, சாமி முன்னால் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருப்போம். மாமா என்னை இரும வேண்டாம் என்றுகூடச் சொன்னார். பிறகு ஒயர். பிறகு டேப்பைப் படிக்கிற விசிஆரின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தோம். கெட்டுப்போன சிடிகளெல்லாம் மாமாவின் டீ டம்ளருக்கு அடியில் போயின. மிச்சத்தைக் கீழ்வீட்டுக்காரர் வாங்கிப்போய் நிலைவாசலில் தோரணமாகக் கட்டிக்கொண்டார்.

கடைசியில் மாமாவுக்கு விஷயம் பிடிபட்டது. கேசட் பழசு, படம் முழுக்கப் பூச்சி மாதிரிப் புள்ளி பறக்கிறது. "கம்ப்யூட்டருக்கு எது பூச்சி, எது ஆளுன்னு தெரியாது பாப்பா. எல்லாம் ஆடுதுன்னு நெனச்சுக்கிட்டு எல்லாத்தையும் எழுதப் பாக்குது. இடம் பத்தல. அதான் சதுரம் சதுரமா வெட்டிடுது." முதலில் பூச்சியைக் குறைத்துவிட்டுப் பிறகு சிடிக்கு மாற்றினோம். அப்பாவுக்கு மூக்கு வந்தது. அன்றைக்கு நான் கைதட்டினேன்.

ஆனால் இன்னொரு சிக்கல் மிச்சமிருந்தது. முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்புக்கு அப்புறம் பந்தி வரும். அந்தப் பந்தியில் ஒரு இடம் வந்தால் படம் குதிக்கும், வெள்ளைக் கோடுகள் ஓடும், விசிஆரே கரகரவென்று முனகும். கம்ப்யூட்டர் அந்த இடத்தில் திணறிச் சில படங்களைத் தவறவிட்டுவிடும். சத்தத்தை மட்டும் தவறவிடாது. அதனால் அதற்குப் பிறகு வருகிற எல்லாவற்றிலும் படம் முன்னால் ஓடும், சத்தம் பின்னால் வரும். மறுநாள் காலை முகூர்த்தத்தில் அப்பா தாலி கட்டி, நாத்தனார் முடிச்சுப் போட அத்தை குனிந்து, முடித்து, நிமிர்ந்து, முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்ட பிறகுதான் கெட்டிமேளம் கேட்டது. "மேளக்காரரு அப்பதான் காபி குடிச்சிட்டு வந்தாரு போல" என்றார் மாமா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தைக்கு அந்தக் கேசட்டில் முக்கியமான இடமே அதுதான் என்பது என் முடிவு. அவள் முடிச்சுப் போடுகிற இடம். அதைப் பார்க்கத்தான் கேட்டிருக்கிறாள், அது போய் இப்படிப் பாழாகிறதே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

மாமா என்னையும் கேசட்டையும் கூட்டிக்கொண்டு சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனார். அங்கே ஒரு பாய் விசிஆர் ரிப்பேர் பார்ப்பார். ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய கடை. அவர் கேசட்டின் மூடியைத் தூக்கி, டேப்பை விரல்படாமல் வெளிச்சத்துக்குக் காட்டினார். பிறகு தன் டெக்கில் போட்டு, கெட்ட இடத்துக்குக் கொண்டுபோய், மறுபடி வெளியே எடுத்துப் பார்த்தார்.

"இது பூசணம் இல்ல நைனா. பூசணம்னா நானே தொடச்சிக் குடுத்துருவேன். தேஞ்சிகீது பாரு, இந்த எடம் மட்டும். யாரோ இங்க நிறுத்தி நிறுத்திப் பாத்துகினு இருந்துகிறாங்க. நிறுத்தினா டேப்பு நின்னுடும், ஹெட்டு நிக்காது. அதே எடத்துல சுத்திகினே இருக்கும், தேய்ச்சிடும்."

"எவ்ளோ வாட்டி பாத்தா இப்படி ஆகும் பாய்?" என்று மாமா கேட்டார்.

"ஒரு வாட்டி ரெண்டு வாட்டில ஆவாது. வருசக்கணக்கா பாத்திருக்கணும்." பாய் கேசட்டை என்னிடம் கொடுத்துவிட்டுச் சிரித்தார். "சினிமா கேசட்டுன்னா பாட்டு வர்ற எடத்துல தேஞ்சிருக்கும். கல்யாணக் கேசட்டுன்னா தாலி கட்ற எடத்துல. இது இன்னாம்மா, சோறு துன்ற எடத்துல தேஞ்சிகீது? உங்க வீட்டுல யாரோ சாப்பாட்டு ராமன் கீறாரு."

எங்கள் வீட்டில் சாப்பாட்டு ராமன் ஒருவர்தான். அன்று ராத்திரி சாப்பாட்டில் அப்பாவை ஒரு வழி பண்ணிவிட்டோம். நான்தான் பாய் மாதிரியே பேசிக் காட்டினேன். அம்மா, "அந்தப் பந்தியில ஜாங்கிரி வெச்சாங்க இல்ல, அதான் பத்து வருஷமா பாத்துக்கிட்டு இருக்காரு" என்றாள். அப்பா, "நான் எங்கடி பாத்தேன், எனக்கு அந்த ரிமோட்ட எப்படிப் புடிக்கணும்னே தெரியாது" என்று சத்தியம் பண்ணாத குறை. அத்தையும் சிரித்தாள். சிரித்துவிட்டு, தண்ணீர்ச் சொம்பு நிறைந்திருக்கும்போதே எழுந்து போய் இன்னொரு சொம்பு கொண்டுவந்தாள்.

துப்புத் துலக்குவதில் நான் பெரிய ஆள் என்று அந்த வயதில் எனக்கு ஒரு எண்ணம் உண்டு. எல்லாம் கண் முன்னால்தான் இருந்தது. அம்மா வீட்டுக்கு வர மணி ஆறாகும், அப்பா வர ஏழாகும், நான் நாலேகாலுக்கு வருவேன். அத்தை வேலை பார்த்த பள்ளிக்கூடம் மூன்று மணிக்கு விட்டுவிடும். மாட வீதியைச் சுற்றி நடந்தால் பத்தே நிமிடம். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் அவள் மட்டும்தான் இருப்பாள். நான் வந்து புத்தகப் பையை இறக்கிவிட்டு விசிஆர் மேல் கை வைத்தால் சில நாள் வெதுவெதுவென்று இருக்கும். மேற்குப் பார்த்த ஜன்னல், வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

மறுநாள் காலையில் தலை பின்னும்போது அத்தை மெதுவாகக் கேட்டாள்.

"அந்தப் பந்தி இடம் சிடியில வராதா கண்ணு?"

"வரும் அத்தை. ஆனா ஒரே கோடு கோடா வரும். அதுக்கப்புறம் சத்தமும் சரியா இருக்காது."

"பரவாயில்ல. கோடா வந்தாலும் இருக்கட்டும். எதையும் எடுத்துட வேண்டாம்னு மாமாகிட்ட சொல்லு. முழுசா இருந்தாப் போதும் எனக்கு."

'போதும் எனக்கு' என்கிற வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. பிய்ந்த தோசைக்கும் அதே வார்த்தை, புடவைக்கும் அதே வார்த்தை. இந்த ஒரு விஷயத்திலாவது அவளுக்கு நல்லதாகக் கொடுக்க வேண்டும், பிய்ந்ததைக் கொடுத்து அனுப்பக் கூடாது என்று எனக்குள் ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. தலையை ஆட்டினேன். அவள் "ஆட்டாத, வகிடு கோணிக்கும்" என்றாள்.

அந்த இடத்தை நானும் மாமாவும் ஐம்பது தடவையாவது பார்த்திருப்போம். மொத்தம் ஒன்றரை நிமிடம். நீளமான பந்தி. ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ரச வாளியோடு வருகிறார். சமையல்காரர் இல்லை, பார்த்தாலே தெரியும். வாளியைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்திருக்கிறார். வரிசையின் கடைசியில் அத்தை உட்கார்ந்திருக்கிறாள். இருபத்திரண்டு வயது அத்தை, இரட்டைப் பின்னல், பச்சைப் புடவை. அவள் போதும் என்று இலைக்கு மேல் கையை நீட்டுகிறாள். அவர் அந்தக் கையைப் பார்க்கிறார், நகராமல் நிற்கிறார், ஏதோ சொல்கிறார். சத்தம் கேட்காது, மேலே சினிமாப் பாட்டு ஒட்டியிருந்தார்கள். அத்தை நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கிறாள். நான் பிறந்ததிலிருந்து அவளோடு இருந்தவள், அப்படி ஒரு சிரிப்பை நேரில் பார்த்ததில்லை. பிறகு கையை எடுத்துவிடுகிறாள். அவர் ரசம் ஊற்றுகிறார். வீடியோக்காரரின் லைட் முகத்தில் அடிக்கவும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு போய்விடுகிறார். அத்தை அவர் போன பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறாள், பக்கத்து இலைக்காரி இடிக்கிறவரைக்கும்.

அவர் யார் என்று எனக்குத் தெரிய இன்னும் பத்து வருடம் ஆயிற்று. அம்மாதான் ஒருநாள் அடுக்களையில், கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். அப்பாவோடு ஆபீஸில் வேலை பார்த்தவர். அப்பா கல்யாணத்துக்கு உதவிக்கு வந்தவர், ஆறு மாதம் கழித்து அத்தையைத் தனக்குக் கொடுக்கச் சொல்லித் தாத்தாவிடம் நேரில் வந்து கேட்டிருக்கிறார். அவர் வேறு ஜாதி. தாத்தா காபி கொடுத்து, முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவரும் சண்டை போடவில்லை, அத்தையும் அழவில்லை. அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு எங்கேயோ போய்விட்டார். அதற்குப் பிறகு வந்த எந்த வரனையும் அத்தை தலையசைத்துத் தட்டிவிட்டாள். ஆல்பத்தில் தேடினேன், அவர் ஒரு போட்டோவில்கூட இல்லை. அவர் நடந்து, சிரித்து, கண்ணைச் சுருக்கி, உயிரோடு இருந்தது அந்த ஒன்றரை நிமிடத்தில்தான். இதெல்லாம் பன்னிரண்டு வயதில் எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு ஆள் ரசம் ஊற்றுகிறார் என்பதுதான்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே திரும்பி என்னைப் பார்த்தார்.

"பாப்பா, பேசாம அந்தப் பந்தியை வெட்டிட்டா என்ன? கேசட்ட ரெண்டு துண்டா ஏத்தி ஒட்டிடலாம். சத்தமும் சரியாயிடும், முகூர்த்தம் சூப்பரா வரும். ஆனா உங்க அத்தைய ஒரு வார்த்தை கேட்டுக்கணும்."

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"கேட்டுட்டேன் மாமா. வெட்டச் சொல்லிட்டாங்க."

எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். ஹோம்வொர்க் பொய், வயிற்றுவலிப் பொய். எதுவும் நினைவில் இல்லை. இந்த ஒரு பொய் மட்டும் வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. அன்றைக்கோ அதைச் சொன்னதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மாமா வெட்டினார். ஒட்டினார். இரண்டு சிடியாக வந்தது. போட்டுப் பார்த்தோம். அப்பா தாலியை எடுக்கிறார், சரியாக அந்த நொடியில் கெட்டிமேளம் எழும்புகிறது, அத்தை குனிந்து முடிச்சுப் போடுகிறாள், அவள் வளையல்கூடத் துல்லியமாகத் தெரிகிறது. மாமா நாற்காலியில் சாய்ந்து, "எப்படி?" என்றார். நான் அவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். ஹார்ட் டிஸ்கில் இடம் இல்லை என்று மிச்ச எல்லாவற்றையும் அன்றைக்கே அழித்துவிட்டார். வீட்டில் சிடி போட்டுப் பார்க்க வழியில்லை. அதனால் அத்தை அதைப் பார்க்கவில்லை. நான் ஸ்கெட்ச் பேனாவால் 'அண்ணன் கல்யாணம் 1', 'அண்ணன் கல்யாணம் 2' என்று எழுதிப் பூ வரைந்தேன்.

சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயில் கிளம்புவதற்கு முன்னால் அதை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். "கண்ணாடி மாதிரி வந்திருக்கு அத்தை" என்றேன். அவள் அதைப் பெட்டியில் வைக்கவில்லை, கைப்பையில் வைத்துக்கொண்டாள். என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ரொம்பக் கஷ்டப்பட்டியா கண்ணு?" என்றாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. புது மாமா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அதையும் மன்னிக்கவில்லை.

அவள் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. தலையை அம்மா பின்னினாள், அவசர அவசரமாக. நாலேகாலுக்குப் பூட்டைத் திறந்துகொண்டு நானே உள்ளே வர வேண்டியிருந்தது. கொடியில் மறந்துபோய் விட்டுவிட்ட அவளுடைய துண்டு ஒன்று இருந்தது. அதை ஒரு மாதம் யாரும் எடுக்காமல் பார்த்துக்கொண்டேன்.

சித்திரை வெயில் வந்ததும் அம்மா வடகம் போட ஆரம்பித்தாள். வடகத்துக்கு முதல் எதிரி காக்கை. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வழி உண்டு. பழைய கேசட்டிலிருந்து டேப்பை உருவி மொட்டை மாடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிவிடுவார்கள். காற்றில் அது மின்னிக்கொண்டு விர்ரென்று சத்தம் போடும், காக்கை கிட்டே வராது. அந்த வருடம் பாட்டுக் கேசட் எதுவும் மிச்சமில்லை. அம்மா பீரோவைத் திறந்து கல்யாணக் கேசட்டை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"கல்யாணக் கேசட்டாச்சேடி."

"அதான் சிடி இருக்குல்லம்மா. இத மறுபடி போட்டா விசிஆர் ஹெட்டு போயிடும்னு மாமா சொன்னாரு" என்றேன்.

"அதுவும் சரிதான். இருந்து என்ன பண்ணப் போகுது" என்று என்னிடம் கொடுத்துவிட்டாள். நான்தான் உருவினேன். வந்துகொண்டே இருந்தது. தண்ணித்தொட்டிக்கும் ஆன்டெனாக் கம்பிக்கும் நடுவில் ஆறு வரிசை கட்டினேன். ஒரு காக்கைகூட வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் அடித்தது. அப்பா கடைக்குப் போயிருந்தார். எடுத்தால் அத்தை.

"அம்மா மாடியில வடகம் பிழியறாங்க அத்தை. கூப்பிடட்டுமா?"

"வேணாம் கண்ணு. உன்கிட்ட பேசத்தான் போட்டேன். சிடி நேத்துதான் பார்த்தேன். இப்பதான் நேரம் கெடச்சுது."

"எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு. நான் முடிச்சுப் போடுறது அவ்ளோ தெளிவா வந்திருக்கு. இவர்கூடச் சொன்னார்."

நான் ரிசீவரை மாற்றிப் பிடித்துக்கொண்டேன். அத்தை கொஞ்சம் தயங்கினாள்.

"எனக்கு ரெண்டு சிடிதான் வந்திருக்கு. மூணாவது ஏதாச்சும் அங்கேயே விட்டுப்போச்சா?"

"மொத்தமே ரெண்டுதான் அத்தை."

"இல்ல, முந்தின நாள் பந்தி வரலையே. ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தேன். ஒருவேளை எனக்குத்தான் போடத் தெரியலையோ என்னவோ."

"அத நான்தான் வெட்டச் சொன்னேன்" என்றேன். பாராட்டை வாங்க வேண்டிய இடம் வந்துவிட்டது என்ற அவசரத்தில் மூச்சுவிடாமல் சொன்னேன். "அது ரொம்ப மோசமா இருந்தது அத்தை. அதனாலதான் சத்தமெல்லாம் தள்ளிப்போச்சு. வெட்டினப்புறம்தான் நீ முடிச்சுப் போடுற இடம் சரியா வந்துது. அதுல ஒண்ணுமே இல்ல அத்தை. யாரோ ஒருத்தர் ரசம் ஊத்துறாரு, அவ்ளோதான்."

லைன் போய்விட்டது என்று நினைத்து இரண்டு தடவை ஹலோ சொன்னேன்.

"இருக்கேன் கண்ணு" என்றாள். பிறகு, "கேசட்டு இருக்கில்ல? பீரோவுல?"

"இல்ல, மாடியில கட்டியிருக்கோம், வடகத்துக்கு. நான்தான் உருவினேன். ஒரு காக்கா வரல தெரியுமா."



"அங்க வெயில் ரொம்பவா?" என்று கேட்டாள்.

"ஆமா அத்தை."

"தலைக்கு எண்ணெய் வெச்சுக்கோ. மாடியில ரொம்ப நேரம் நிக்காத." கொஞ்சம் பொறுத்து, "வடகம் காஞ்சதும் எனக்கும் கொஞ்சம் அனுப்பச் சொல்லு" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினேன். அம்மா மாவுக் கையோடு நிமிர்ந்து, "யாருடி போன்ல?" என்றாள்.

"அத்தை. சிடி ரொம்ப நல்லா இருக்காம். வடகம் வேணுமாம்."

"பாவம், அங்க எங்க கெடைக்கப் போகுது" என்று அம்மா அத்தைக்கென்று தனியாக இரண்டு வரிசை பிழிந்தாள். அவற்றை நானே காவல் காப்பதாகச் சொன்னேன். அத்தைக்கு ரொம்ப நல்ல காரியம் ஒன்று செய்து முடித்துவிட்ட நினைப்பில், குடையைப் பிடித்துக்கொண்டு, வெயில் தாழும்வரை அந்த டேப்புக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தேன்.